பற்று: ஒரு கணக்குச் சொல், சில கேள்விகள்

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, மதுரை): ஐயா, கணக்குப்பதிவியலில் டெபிட்டைப் பற்று என்கிறோம். பாசத்தைக் குறிக்கும் பற்றும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான் அம்மா. பற்றுதல் என்றால் பிடித்தல், கையில் கொள்ளுதல். கொல்லர் பற்றுக்குறட்டால் இரும்பைப் பிடிக்கிறார். மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று தொடங்கும் 350ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள், ஏழு சீரில் ஆறில் இந்தச் சொல் வரும். கடையில் சரக்கை வாங்கிக்கொண்டவர் பெயரில் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். டெபிட் என்பதன் லத்தீன் வேருக்குக் 'கொடுக்க வேண்டியது' என்று பொருள். அது கடனைப் பார்க்கிறது. நம் சொல் வாங்கிய கையைப் பார்க்கிறது. கணக்கு கற்பவருக்கு நம் சொல்லே நல்ல வழிகாட்டி என்பேன்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், ஈரோடு): என் ஏட்டில் ரொக்கம் வந்தால் பற்று. வங்கியோ பணம் போனால் பற்று என்று செய்தி அனுப்புகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. எத்தனையோ பேர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பற்று என்றால் நட்டம் என்று நினைத்துக்கொள்வதுதான் காரணம். "பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு (கிரெடிட்)" என்ற விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரேட்டில், அதாவது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே எழுதும் ஏட்டில், பணத்தைப் பெற்றது ரொக்கக் கணக்கு, ஆகவே அதற்குப் பற்று. வங்கிப் புத்தகம் உங்களுடைய ஏடு அன்று. வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருக்குரிய பக்கத்தின் நகல். நீங்கள் 500 ரூபாய் எடுத்தால், வங்கியிடமிருந்து பெற்றவர் நீங்கள். அதனால் உங்கள் பெயரில் பற்று. ஏடு யாருடையது என்று முதலில் கேளுங்கள், குழப்பம் வராது.

கேள்வி (வாசகர், மட்டக்களப்பு): நாங்கள் ரசீதைப் பற்றுச்சீட்டு என்போம். மண்முனைப் பற்று, கோறளைப் பற்று என்று ஊர்ப் பிரிவுகளும் உண்டு. தொடர்பு இருக்கிறதா?

பதில்: பற்றுச்சீட்டு, பணத்தைப் பெற்றுக்கொண்டவர் தரும் சீட்டு. பெயர் அப்படியே பொருந்துகிறது. ரசீது பாரசீகத்திலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் அதுவே நிலைத்துவிட்டது. உங்கள் பேச்சில் பழைய சொல் இன்றும் புழங்குவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நிலத்துக்கு வரும் பற்றும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. படைவீரர்களுக்குரிய நிலத்தைப் படைப்பற்று என்று இங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): பட்ஜெட் பற்றாக்குறையில் வருவதும் இந்தப் பற்றுதானா?

பதில்: எழுத்து அதுவே, பொருள் வேறு. பற்றுதல் என்பதற்குப் போதுமானதாதல் என்றும் ஒரு பொருள் உண்டு. பற்றாத குறை, பற்றாக்குறை. சோறு பத்தாது என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பத்தாது பற்றாது என்பதன் பேச்சு வடிவம்.