எஃப்.எஸ்.எச். ஏறினால் முட்டை தீர்ந்துவிட்டதா?

கேள்வி: வயது 34. மாதவிலக்கின் மூன்றாம் நாள் எடுத்த டெஸ்டில் எஃப்.எஸ்.எச். 14. குறைக்க மாத்திரை உண்டா? (வாசகி, பெரம்பூர்)

மாடியில் விளையாடும் பையனை அம்மா கீழிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறார். அவன் வராவிட்டால் குரல் ஏறும். எஃப்.எஸ்.எச். அந்தக் குரல். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையில் முட்டைப்பைகளை வளரச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. சினைப்பையிலிருந்து பதிலாக ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் என்ற ஹார்மோன்கள் போதுமான அளவு திரும்பி வராவிட்டால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். 10-ஐத் தாண்டினால் முட்டை இருப்பு குறைகிறதோ என்று சந்தேகிப்போம். கருத்தடை மாத்திரை போட்டாலே இந்த எண் இறங்கிவிடும், ஆனால் முட்டை அதிகரிக்காது. அதனால் எண்ணைத் துரத்த வேண்டாம். அது மாதத்துக்கு மாதம் மாறும். எஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் இன்னொரு ஹார்மோன்), ஸ்கேனில் முட்டைப்பை எண்ணிக்கை எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 14 இருந்தும் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் உண்டு. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே!

கேள்வி: எஃப்.எஸ்.எச். டெஸ்டை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா? (வாசகி, குரோம்பேட்டை)

தேவையில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் லேபில் சொல்லுங்கள். சில கருவிகளில் அளவைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: ஜிம்மில் எட்டு மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். இப்போது விந்தணு பூஜ்ஜியம். ஆண்மைக்கான ஊசிதானே அது? (வாசகர், வேளச்சேரி)

டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்து குவிந்தால், பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., அதன் துணை ஹார்மோனான எல்.எச். இரண்டையும் அடக்கிவிடும். விந்தணுவை உருவாக்கச் சொல்லி விரைக்கு உத்தரவே போகாது. ஹார்மோன் மருத்துவரைப் பார்த்து ஊசியை நிறுத்துங்கள். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். எண்ணிக்கை திரும்பப் பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூடப் பிடிக்கும். கோச் சொல்லும் அடுத்த ஊசியும் வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. அவன் அப்பாவும் லேட்டாகத்தான் வளர்ந்தார் என்கிறார் மாமியார். பால் தீய்ந்தால்கூட இவனுக்கு வாசனை தெரியாது, அவ்வளவு மந்தம். (வாசகி, தாம்பரம்)

மாமியார் சொல்வதில் தவறில்லை. குடும்பவழித் தாமதம்தான் அதிகம். என்னை உறுத்துவது அந்தப் பால். கண்ணை மூடச் சொல்லி காபித்தூளையும் மல்லிகையையும் முகரக் கொடுங்கள். தெரியவில்லை என்றால் கால்மன் நோயாக இருக்கலாம்: பிட்யூட்டரியைத் தூண்டும் நரம்பு செல்கள், கரு வளரும்போது மூக்குப் பக்கத்திலிருந்து மூளைக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடும். அதனால் பருவத்துக்கான உத்தரவும் போகாது, வாசனையும் தெரியாது. எப்படி இருந்தாலும் 14 தாண்டியும் விரை வளரத் தொடங்காவிட்டால் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால்மன் என்றாலும் மருத்துவர் தரும் ஹார்மோன் ஊசியால் பருவம் வரும். பலருக்குப் பின்னாளில் குழந்தையும் பிறக்கும். மருத்துவர் மணி கோத்தது போன்ற ஒரு கருவியை வைத்து விரை அளவு பார்ப்பார், 4 மி.லி. எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது. பையன் கூச்சப்படுவான். உள்ளே அவன் அப்பா போகட்டும்.