தமிழ்நாட்டு முன்னாள் முதல்வர் இறந்ததற்கு டெல்லியில் ஏன் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது?

2018 ஆகஸ்ட் 8, கலைஞர் கருணாநிதி மறைந்த மறுநாள் காலை, டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரரும் இதையேதான் கேட்டார். "அவர் எம்.பி.கூட இல்லையே?"

நியாயமான கேள்விதான். கொடி விதிகளின்படி, பதவியில் இருக்கும் முதல்வர் இறந்தாலே அந்த மாநிலத்தில் மட்டும்தான் கொடி இறங்கும். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் என்றால்தான் நாடு முழுக்க. முன்னாள் முதல்வருக்கு என்றால் உள்துறை அமைச்சகம் தனி உத்தரவு போட வேண்டும். கலைஞருக்குப் போட்டார்கள்: ஒருநாள் தேசிய துக்கம், டெல்லியிலும் எல்லா மாநிலத் தலைநகரங்களிலும் தமிழ்நாடு முழுவதும் அரைக்கம்பம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அன்று ஒத்திவைக்கப்பட்டன. 1957 முதல் நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் ஜெயித்தவர், ஐந்து முறை முதல்வர். டெல்லியில் கூட்டணி ஆட்சிகள் அமைந்தபோதெல்லாம் சென்னையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டவர். உத்தரவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு சின்ன விஷயம்: கொடியை நேராகப் பாதியில் நிறுத்த மாட்டார்கள். முதலில் உச்சிவரை ஏற்றி, அப்புறம்தான் பாதிக்கு இறக்குவார்கள். மாலையில் கழற்றும்போதும் ஒருமுறை உச்சிக்குப் போய்த்தான் இறங்கும்.

அப்பா அன்று டிவி முன்னாலிருந்து எழவே இல்லை. கலைஞரை அடக்கம் செய்ய மெரினாவில் இடம் உண்டா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. உண்டு என்று தீர்ப்பு வந்த பிறகுதான் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். கலைஞரின் தி.மு.க.வுக்கு அப்பா ஓட்டுப் போட்டதே இல்லை என்பது வேறு கதை.