வயர்லெஸ் மவுஸின் உள்கட்டமைப்பு: கேள்வி பதில்

பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்பில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் மவுஸ், கீபோர்டு சர்வீஸ் செய்கிறேன். பேட்டரி மவுஸ் பற்றி நம் மாவட்டத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மின்சுற்று பக்கம் அதிகம் போகவில்லை, உடலமைப்பு மட்டும்தான்.

தக்கலை, இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, புராஜெக்டுக்காக ஒரு வயர்லெஸ் மவுஸ் டிசைன் செய்கிறோம். வெளி வடிவத்தை வரைந்து முடித்தாயிற்று. பேட்டரியை எங்கே வைப்பது?

வரைந்ததைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் தம்பி. பேட்டரியில் தொடங்கித்தான் வெளியே வர வேண்டும். உள்ளே போகும் பொருள்களில் கனமானது அதுதான், அளவை மாற்ற முடியாததும் அதுதான். ஏஏ செல்லின் விட்டம் 14.5 மி.மீ., நீளம் 50.5 மி.மீ. அல்கலைன் என்றால் எடை 23 கிராம் அளவில் வரும். ஏஏஏ செல் 10.5க்கு 44.5, எடையும் ஏறத்தாழ பாதிதான். இவை உச்ச அளவுகள். கடையில் வாங்கும் செல் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை குறைந்திருக்கலாம். குழியை உச்ச அளவுக்கு வெட்டுங்கள், குறைவதை ஸ்பிரிங் ஈடுகட்டட்டும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் மேஜையில் லேசாகத் தட்டினாலே இணைப்பு ஒரு நொடி விட்டுப்போகும்.

அடுத்தது எடை எங்கே விழுகிறது என்பது. உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் மேட்டில் இடம் தாராளமாக இருப்பதால் பலர் செல்லை அங்கேயே தள்ளிவிடுகிறார்கள். மவுஸைத் தூக்கி நகர்த்தும்போது விரல்கள் பிடிப்பது முன்பக்கத்து விலாவை. பின்னால் கனம் இருந்தால் வால் தொங்கும், நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். என் விருப்பம், ஒற்றை ஏஏ செல்லை நீளவாக்கில், அடியில் மேஜைப் பரப்பைப் படம் பிடிக்கும் சென்சாருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பது. இரண்டு ஏஏஏ போட்டால் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக வையுங்கள். லித்தியம் ஏஏ செல் சுமார் 15 கிராம்தான், ஆனால் வாங்குபவர் அதையே போடுவார் என்று நம்பி டிசைன் செய்யாதீர்கள்.

அதே மாணவர்: செல்லைத் திருப்பிப் போட்டுவிட்டால்?

பாசிட்டிவ் தகட்டை இரண்டு பிளாஸ்டிக் வரம்புகளுக்கு நடுவே சற்று உள்வாங்கி வையுங்கள். செல்லின் குமிழ் உள்ளே போய்த் தொடும், தட்டையான முனை வரம்பிலேயே முட்டி நின்றுவிடும். அச்சிலேயே வந்துவிடுவதால் தனிச் செலவு கிடையாது.

குளச்சல், பிரவுசிங் சென்டர் நடத்துபவர்: எங்கள் மவுஸ்களில் ஸ்பிரிங் சீக்கிரம் கெட்டுப்போகிறது. உப்புக் காற்றுதானே காரணம்?

பாதிதான் உப்புக் காற்று. முதலில் நிறத்தைப் பாருங்கள். செம்பழுப்பு என்றால் துரு. ஸ்பிரிங் எஃகுக் கம்பி, மேலே நிக்கல் பூச்சு. பூச்சு கீறிய இடத்தில் கடற்கரைக் காற்று வேலையைக் காட்டிவிடும். வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்தது, உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்திருக்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள். செல்லை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் மட்டும் போடவே வேண்டாம், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். சென்டரை மூடிவைக்கும் நாட்களில் செல்களைக் கழற்றிவிடுங்கள்.

குலசேகரம்: எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிறோம், அது இப்படி ஆவதில்லை. மவுஸின் ரப்பர் பிடி மட்டும் ஏன் பிசுபிசுக்கிறது?

உங்கள் தோட்டத்து ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அது பிளாஸ்டிக் மேல் அடித்த பாலியூரிதேன் பூச்சு. காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளை அறுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் அது நிலைப்பது கஷ்டம். ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தால் பூச்சு உரிந்து அடியில் வெறும் பிளாஸ்டிக் கிடைக்கும், அது நன்றாகவே உழைக்கும். அடுத்த முறை சொரசொரப்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக் மவுஸாகப் பார்த்து வாங்குங்கள்.

மார்த்தாண்டம், டிடிபி வேலை செய்பவர்: ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது, சார்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச்தான். உள்ளே மெல்லிய செப்புக் கலவைத் தகடு ஒன்று துள்ளி, தொடுமுனையில் போய் உட்காரும். தகடு தளர்ந்தாலோ முனையில் ஆக்சைடு படிந்தாலோ தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு நிற்கும். பேட்டரி மவுஸில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, படிந்த படலத்தை எரித்துத் தள்ள அதற்குத் தெம்பு போதாது. சுவிட்சை மாற்றுவதுதான் சரியான வழி, மூன்று கால் சால்டரிங். அதற்கு முன் மேல்மூடியின் அடிப்பக்கம் சுவிட்சைத் தொடும் குமிழைப் பாருங்கள். சுவிட்சை அது எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே இருந்தால் புது சுவிட்சுக்கும் அதே கதிதான். குமிழுக்கும் சுவிட்சுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும்.

கன்னியாகுமரி, லாட்ஜ் ரிசப்ஷன்: கண்ணாடி மேஜையில் ஓட மாட்டேன் என்கிறது.

தெளிந்த கண்ணாடியில் சென்சார் படம் பிடிக்க எதுவும் இல்லை. ஒரு பேட் போடுங்கள். பேட் போட்டும் தடுமாறினால் அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பாதங்களைப் பாருங்கள். பல சென்சார்களுக்குப் பரப்பிலிருந்து லென்ஸ் 2.4 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பாதம் உதிர்ந்தாலும் மவுஸ் சாய்ந்து அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தக்கலை, இன்னொரு மாணவர்: பிரித்துப் பார்க்க ஆசை. திருகே கண்ணில் படவில்லை.

பாதங்களுக்கு அடியிலும் பேட்டரிக் குழியின் ஸ்டிக்கருக்கு அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும் இடத்தில் திருகு இருக்கும். திருகுகளைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். முன்பக்கம் பெரும்பாலும் கொக்கி போட்டிருக்கும், அங்கே நெம்பினால் உடையும். முழுவதும் தூக்குவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சில மாடல்களில் மேல்மூடிக்கும் மின்சுற்று போர்டுக்கும் இடையே மெல்லிய ரிப்பன் கேபிள் ஓடும். அதன் பூட்டைத் திறந்த பிறகே மூடியை எடுக்க வேண்டும்.