லொறி கேக்கும் 50 ரூபாவும்

கேள்வி: வணக்கம் அக்கா. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், வயது 34, இரண்டு பிள்ளைகள். மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே மயில் கேக் ஒன்று செய்தேன். அதைப் பார்த்த சிநேகிதிகள் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது மாதத்தில் மூன்று, நான்கு வருகிறது. சாமான் காசு மட்டும் வாங்குகிறேன். போன மாதம் ஒரு சிநேகிதியின் மகனுக்கு 2 கிலோ லொறி கேக் செய்தேன், 5,000 ரூபா தந்தாள். எல்லோரும் இதைத் தொழிலாகச் செய்யச் சொல்கிறார்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடனில் ஒன்றரை இலட்சம் எடுத்து பெரிய ஓவனும் மிக்சரும் வாங்கலாமா? அடுத்த மாதம் இன்னொரு சிநேகிதி தன் மகளுக்குக் கோட்டை கேக் கேட்டிருக்கிறாள். காசு கேட்க வெட்கமாக இருக்கிறது. லொறிக்கும் கோட்டைக்கும் சாமான் கணக்கை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய கணக்கில் இருந்தே தொடங்குவோம். லொறிக்கு மாஜரீன், மா, சீனி ஒவ்வொன்றும் 500 கிராம், முட்டை 10. அதற்கு 1,550 ரூபா. ஐசிங் சீனியும் பட்டரும் 850. கேக்கை மூட கடையில் வாங்கிய ஃபொண்டன்ட், அதாவது மாவுபோல் உருட்டிப் போர்த்தும் சீனிப் பசை, ஒரு கிலோ 1,600. நிறம், போர்ட், பெட்டி எல்லாம் 700. மொத்தம் 4,700. நாவற்குடாவுக்கு ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு 250. 5,000 ரூபாவில் உங்கள் கையில் நின்றது 50.

நேரத்தையும் எழுதியிருப்பது நல்லது, பலர் அதை எழுதுவதே இல்லை. முதல் நாள் பின்னேரம் பேக் பண்ண மூன்று மணித்தியாலம். பிள்ளைகள் படுத்த பிறகு கேக்கைச் செதுக்கி, ஐசிங் பூசி, ஃபொண்டன்ட் மூட ஐந்து. காலையில் சில்லு, லைட், நம்பர் பிளேட் ஒட்ட இரண்டு. பத்து மணித்தியாலத்துக்கு 50 ரூபா. கரண்டும் வனிலாவும் பேக்கிங் பவுடரும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் நீங்கள் கைக்காசு போட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கவலை அந்த நட்டம்கூட இல்லை. இது உங்கள் சிநேகிதிக்குத் தெரியாது என்பதுதான். 5,000 ரூபா கொடுத்து கேக் வாங்கியதாக அவள் நினைக்கிறாள். இரவு ஒரு மணி வரை விழித்திருந்து அன்பளிப்புச் செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். ஆரையம்பதியில் என் அக்கா பல வருடம் ஒழுங்கை முழுக்க இப்படித்தான் கேக் செய்து கொடுத்தா. ஒருமுறை காய்ச்சலாகக் கிடந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கேக்கைச் செய்ய முடியாமல் போனது. "காசு தாறம்தானே, பிறகென்ன" என்றார்கள். அக்கா அன்று அழுததை நான் பார்த்தேன். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது, அத்தனை வருடமும் அந்த உழைப்பை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

ஆகவே இனி முழு விலையை எழுதுங்கள். சாமான் செலவு, கரண்ட் முதலான சில்லறைச் செலவுக்கு ஒரு தொகை, உங்கள் நேரத்துக்குக் கூலி, மூன்றும் சேர்ந்ததுதான் விலை. தொடக்கத்தில் மணித்தியாலத்துக்கு 250 ரூபா வையுங்கள், கை பழகப் பழகக் கூட்டலாம். 2 கிலோ கேக்குக்குச் சில்லறை 500. அப்படிப் பார்த்தால் அந்த லொறியின் விலை 7,700, ஓட்டோக் காசு வேறு. நெருங்கிய சிநேகிதி என்றால் அதில் ஒரு பகுதியைப் பரிசாகக் கழித்துவிடுங்கள். அந்தக் கழிவை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அது கூலியில் இருந்து மட்டும் போகட்டும், சாமான் காசில் கைவைக்காதீர்கள், அது உங்கள் வீட்டுச் சமையல் காசு.

கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2,000 வாட் ஓவன் இடைவிடாமல் ஒரு மணித்தியாலம் சூடாகினால் 2 அலகு. அதைவிட முக்கியம், நம் வீட்டுப் பில் 60, 90, 120, 180 அலகு என்ற படிகளில் ஏறுகிறது. ஒரு படியைத் தாண்டினால் நிலையான கட்டணமும் கூடிவிடும். மூன்று, நான்கு கேக் செய்த மாதத்தின் பில்லையும் ஒன்றுமே செய்யாத மாதத்தின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த வித்தியாசம் கேக்கின் செலவு. 500 போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், எந்தக் கேக் உங்களுக்குக் காசு தருகிறது? நீங்கள் 1 கிலோவில் செய்யும் பொம்மைக் கேக்கைப் பாருங்கள். பாவாடை முழுக்க பட்டர் ஐசிங், நட்சத்திர நோசிலால் வரிவரியாகப் பிழிந்தால் முடிந்தது, ஃபொண்டன்ட் தேவையில்லை. சாமான் 2,100, சில்லறை 250, வேலை மூன்றரை மணித்தியாலம். 3,500க்கு விற்றால் 1,150 நிற்கும், மணித்தியாலத்துக்கு 325 ரூபாவுக்கு மேல். லொறியை 6,500க்கு விற்றாலும் 1,300 ரூபாவைப் பத்து மணித்தியாலத்தால் பிரிக்க வேண்டும், 130தான் வரும். பார்வைக்குப் பெரிய கேக் பையை நிரப்பும் என்றில்லை. பொம்மை, எண் வடிவம், பந்து, கோட்டை என்று நான்கைந்து மாதிரியை வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஃபொண்டன்ட் உருவங்களைச் சில நாள் முன்பே செய்து உலர்த்திவிடலாம். கோட்டைக் கோபுரத்துக்குக் கேக்கைச் செதுக்கத் தேவையில்லை, ஐஸ்கிறீம் கோனைக் கவிழ்த்தால் போதும்.

நம் ஊர் வெயிலும் ஒரு செலவுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பட்டர் ஐசிங் மேசையிலேயே இளகி வழியும். ஃபொண்டன்ட் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்தால் புழுக்கத்தில் வியர்த்து ஒட்டும், மாரியில் இன்னும் மோசம். வருடத்தில் ஒரு கேக்காவது கெடும் என்று நினைத்து ஒவ்வொரு ஓடரிலும் 200 ரூபாவைத் தனியே போட்டு வையுங்கள். கேக்கை அவர்களே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். சாமான் வாங்குமுன் பாதிக் காசு கையில் இருக்க வேண்டும். முட்டை சேர்க்கலாமா, ஃபொண்டன்டில் உள்ள ஜெலட்டின் ஹலாலா என்பதையும் ஓடர் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். காத்தான்குடி, ஏறாவூர் சிநேகிதிகள் நம்பி வாங்குவதற்கு அந்தப் பேச்சுத்தான் அடிப்படை.

கடன் வேண்டாம். பிறந்தநாள் கிழமைக்குக் கிழமை வராது, தவணை வரும். நுண்கடன் நம் மாவட்டப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு தட்டை வைக்க இப்போதைய ஓவன் போதும். முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், கணக்குச் சரியாக வர அதுதான் வேண்டும். கூலியாக நின்ற காசை வீட்டுக் காசோடு கலக்காமல் வேறு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அது ஆறு மாதத்தில் ஒரு நல்ல பீட்டருக்குக் காணும் அளவுக்கு வந்தால், பீட்டரை அதிலேயே வாங்கலாம். ஓவன் அதற்குப் பிறகு, அதே கணக்கில் இருந்து.

வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை, 2025 ஏப்ரலில் இருந்து அப்படித்தான். ஆகவே வரிப் பயம் இப்போது தேவையில்லை. தெரியாதவர்களுக்கும் விற்கத் தொடங்கினால் மண்முனை வடக்கு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் ஒருமுறை பேசுங்கள்.

சரி, கோட்டைக்கு வருவோம். சாமான் 4,900 என்று எழுதியிருக்கிறீர்கள். சில்லறை 500. கோன் வைத்தால் எட்டு மணித்தியாலத்தில் முடியும், கூலி 2,000. மொத்தம் 7,400. நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "கோட்டை கேக் 2 கிலோ, விலை 7,400. அதில் 1,500 பிள்ளைக்கு என்னுடைய பிறந்தநாள் பரிசு. நீ தர வேண்டியது 5,900. பாதியை ஐந்து நாளைக்கு முன் தந்தால் சாமான் வாங்கிவிடுவன். கோபுரம் என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளையிட்டயே கேட்டுச் சொல்லு."