செம்பருத்தியில் வெள்ளையாக எது இருந்தாலும் மருந்தா?

வணக்கம். உங்கள் தோட்டக்காரர்கள் ஆறு பேரும் இலை மஞ்சளானாலும் மருந்து, வெள்ளையாக எது தெரிந்தாலும் மருந்து என்று அடிப்பதாகவும், வகுப்பில் படம் காட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படத்தை விடுங்கள், செடியடியிலேயே நடத்துங்கள். ஆளுக்கொரு பத்து மடங்கு லென்ஸ் கொடுங்கள்.

செம்பருத்தியில் தொடங்குங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைவிடப் பெரிதாக, நீளமான வெள்ளை இழைகளோடு வேகமாக நகரும் ஒன்று இருக்கும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நகர்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தவர் அந்தச் செடியில் மருந்தடிக்கக் கை நீட்டமாட்டார். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்க்கட்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக எறும்பு பொறிவண்டை விரட்டிவிடும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் தெரியவந்தபோது மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் விட்ட அசெரோபேகஸ் என்ற குட்டிக் குளவிதான் அடக்கியது. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இட்லிப்பூவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சிலந்திப்பேன் சந்தேகமென்றால் வெள்ளைத்தாளில் இலையைத் தட்டுங்கள், பேன் இருந்தால் புள்ளிகளாக ஊரும்.

மாதம் ஒரு செடி போதும், அவசரப்படாதீர்கள்.