முகாமில் சொன்ன கண்புரை அறுவை: அம்மாவை அனுப்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த இலவசக் கண் முகாமில் வலது கண்ணில் புரை என்றார்கள். பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போய் அறுவை செய்வார்களாம். ‘இலவச லென்ஸ் நிலைக்காது, புரை முற்றட்டும்’ என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என்ன செய்வது?
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அனுப்புங்கள். பெரியவர் சொல்வது அவர் காலத்து நியாயம். அன்று பள்ளி வகுப்பறையையே அறுவை அரங்காக்கிப் புரையை எடுப்பார்கள். அதற்குப் பதிலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கமாட்டார்கள்; சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடியும் மங்கல். இன்று முகாமில் நடப்பது பரிசோதனை மட்டுமே, அறுவை மருத்துவமனையில். முற்றட்டும் என்று காத்திருந்தால் புரை இறுகி அறுவை கடினமாகும். சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும்.

லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு. 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி இங்கேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. விலை குறைந்ததால் தரமும் குறைந்தது என்று நம் ஊரில் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம்! இலவச அறுவையில் பெரும்பாலும் மடங்காத லென்ஸ் வைப்பார்கள். அதற்குக் கீறல் சுமார் 6 மில்லிமீட்டர். மடங்கும் லென்ஸுக்கு 3க்கும் குறைவு, புண் சற்று விரைவில் ஆறும். இரண்டுமே ஆயுள் முழுக்க இருப்பவை. சில ஆண்டுகள் கழித்துப் பார்வை மங்கினால், பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வுதான் மங்கியிருக்கும். லேசரில் சில நிமிட வேலை.

என் கவலை சர்க்கரையைப் பற்றியது. அது விழித்திரையைக் கெடுத்திருந்தால், புரையை எடுத்தாலும் முழுப் பார்வை திரும்பாது. ‘விழித்திரையையும் பார்த்தீர்களா?’ என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள். அன்றைக்குச் சர்க்கரை அதிகம் என்று அறுவையைத் தள்ளிப்போட்டால் கோபப்படாதீர்கள். கண்ணில் கிருமி தொற்றாமல் இருக்கத்தான் அது.

வீடு திரும்பியதும் கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர், விறகடுப்புப் புகை, வயல் வேலை எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். சொட்டு மருந்து சில வாரங்களுக்குத் தவறக்கூடாது. கைகழுவிவிட்டு நீங்களே ஊற்றுங்கள். வலி, சிவப்பு, சீழ், பார்வை குறைவு என்று எது தென்பட்டாலும், மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே அம்மாவுடன் பஸ் ஏறுங்கள்.