சிறுவர் இல்லத்துக்குக் காசு சேர்க்க மரதன் ஓடப் போகிறேன் என்றால், "காசை நேரே கொடுத்தால் போதாதா, ஏன் ஓட வேண்டும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இதே கேள்வியை என் சித்தப்பா எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி கேட்டார். "ஓடினா ஆருக்குப் பிள்ளை லாபம்? சப்பாத்துக் கடைக்காரனுக்கோ?" அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்லும் சாட்டில் அவருக்கும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பெண் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆண் என்றால் மன்னிக்கவும். ஆனால் ஒரு பெடியன் ஓடப் போகிறேன் என்றால் "கவனமாப் போட்டு வா" என்பதோடு வீட்டில் விட்டுவிடுவார்கள். எங்களிடம் கேட்கும்போது அந்த 'ஏன்' என்பதற்குள் விடியப்புறம், வீதியில், ஊர் பார்க்க என்று இன்னும் நாலைந்து சொற்கள் ஒளிந்திருக்கும்.

சரி, நேர்ப் பதில். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். நேரே கொடுப்பதென்றால் என் கையில் 10,000 ரூபா இருந்தது. ஓடப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டதில் மொத்தம் 285,000 சேர்ந்தது. வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பாருங்கள். சும்மா போய்க் கேட்டிருந்தால் வந்திராதா என்று கேட்பீர்கள். வந்திராது. யாழ்ப்பாணத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு படலை திறந்தாலே வீட்டுக்காரர் குளிக்கப் போய்விடுவார். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, எத்தனை புத்தகத்தைத்தான் பார்ப்பது.

ஓட்டம் எனக்கு 2022ல் பெற்றோல் இல்லாத காலத்தில் தொடங்கியது. ஊரே சயிக்கிளுக்குத் திரும்பிய அந்த மாதங்களில் என் சயிக்கிளை மகன் ரியூசனுக்குக் கொண்டுபோய்விடுவான். நான் வேலைக்கு நடந்தேன், பிந்தினால் ஓடினேன். பெற்றோல் வந்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை.

சிறுவர் இல்லம் வந்தது வேறு வழியால். மாதத்தில் ஒரு நாள் ஓர் இல்லத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் எங்கள் சனத்தின் மனம் தெரியும். அப்பாவின் ஆட்டத் திவசம், பேரனின் பிறந்தநாள் என்று லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு வரும். சில நாட்களுக்கு இரண்டு பேர் போட்டி. பொறுப்பாக இருக்கும் அம்மா ஒரு நாள் சொன்னார்: "சோறு தர ஆக்கள் இருக்கினம் பிள்ளை. பதினெட்டு வயசு முடிஞ்சு வெளியில போற பிள்ளையளுக்குத்தான் ஒருத்தரும் இல்லை." அந்த வருடம் நான்கு பெண் பிள்ளைகள் போக இருந்தார்கள். அறை வாடகைக்கு முற்பணம், பாய் தலையணை, ஒரு காஸ் அடுப்பு, வேலை கிடைக்கும்வரை பஸ் காசு. சின்னப் பிள்ளை என்றால் படத்துக்கு அழகு. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அடுப்பு வாங்கிக் கொடுக்க யாருக்கும் ஆசை வராது.

இந்த நாலு பேருக்காக ஓடுவது என்று முடிவெடுத்தேன். 42 கிலோமீற்றரையும் ஒவ்வொன்றாக விற்றேன், ஒன்று 5,000 ரூபா. கொப்பியில் 1 முதல் 42 வரை இலக்கம் போட்டு எதிரே பெயர் எழுதினேன். முதல் இரண்டையும் நானே வாங்கினேன், அதுதான் அந்த 10,000. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மரதன் என்றால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முதல் பிள்ளைகள் ஓடும் ஐந்தாறு கிலோமீற்றர்தான். உண்மைத் தூரம் 42.195 என்று சொன்னதும் பாதிப் பேர் நான் கணக்கில் பிழை விட்டதாக நினைத்தார்கள். மற்றப் பாதி, "எத்தனையாவதா வருவாய்?" என்று கேட்டார்கள். தனியாகத்தான் ஓடினேன். ஆகவே முதலாவதும் நான், கடைசியும் நான்.

கனடாவில் அக்காவின் மகளுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அங்கே செப்ரெம்பர் மாதம் பள்ளிக்கூடங்களில் ரெறி பொக்ஸ் பெயரால் ஓடுவார்கள். புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்த அந்தப் பெடியன் 1980ல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினான், 5,373 கிலோமீற்றர். ஏன் ஓட வேண்டும் என்று அங்கே குழந்தைகூடக் கேட்காது. அவள் தன் சிநேகிதிகளிடம் சேர்த்து 74,500 ரூபாவுக்கு அனுப்பினாள். வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 2011ல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் நடந்து சேர்த்த காசு நம் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. என் மாமியாருக்கு அங்கேதான் வைத்தியம் நடந்தது. இதைச் சொன்ன பிறகுதான் சித்தப்பா மடியை அவிழ்த்தார். "சரி, ஒண்டைத் தா" என்றார். அப்போது மிஞ்சிக் கிடந்தது 31ஆவது மட்டும்.

சப்பாத்துக் கதையை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நகரத்தில் ஏழு கடை ஏறி இறங்கினேன். பெண்களுக்கு ஓடும் சப்பாத்து என்று கேட்டால் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்து, "அக்காவுக்கு நடக்கத்தானே, இது காணும்" என்கிறார்கள். காணாது தம்பி! என் கால் ஏழு, உங்கள் கடையில் பெண்களின் கால் ஐந்தோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் 24,000 கொடுத்து ஆண்களின் சப்பாத்தொன்றை வாங்கிப் பஞ்சு அடைத்து ஓடினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. அந்த 24,000ஐயும் இல்லத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று எழுத வருகிறவர்களுக்கு: அது என் சீட்டுக் காசு. நான் சேலை வாங்கினால் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா?

2024 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. விடிய நாலு மணிக்கு நல்லூர் முன்வீதியில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டேன். பருத்தித்துறைக்குப் போய், கரையோரமாக வல்வெட்டித்துறை, பிறகு தொண்டைமானாறு சந்நிதி என்று பாதையை இழுத்து வளைத்து 42 ஆக்கியிருந்தேன். என் வீட்டுக்காரர், இவர், மோட்டார் சயிக்கிளில் தேசிக்காய்த் தண்ணீர், ஜீவனி உப்புக் கரைசல், கப்பல் வாழைப்பழத்தோடு பின்னால் வந்தார். (வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு ஓடாதீர்கள், உப்புக் குறைந்து தலை சுற்றும்.) கோப்பாய், நீர்வேலி எல்லாம் இருட்டோடு போயின. நாய்களுக்கு இவர் பொறுப்பு.

வல்லை வெளி வேறு சாதி. மரமில்லை, மதிலில்லை, வாடைக்காற்று நேரே முகத்தில். பஸ்ஸில் போகும்போது யன்னலை இழுத்துச் சாத்துகிற இடத்தை ஓடிக் கடக்கிறபோது, சுடிதார்த் துணி பாய்மரம் மாதிரிப் பின்னுக்கு இழுத்தது. நெல்லியடிச் சந்தியில் சந்தைக்கு வந்த ஒரு ஐயா சயிக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளை, ஆரும் துரத்துகினமோ?" என்றார். இவர் விஷயத்தைச் சொன்னதும் மடியிலிருந்து ஒரு 500 ரூபாத் தாளை எடுத்து என் வியர்த்த கைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். பற்றுச்சீட்டுப் புத்தகம் வீட்டில். பெயர்கூடக் கேட்கவில்லை. பதிவில் அது 'நெல்லியடிச் சந்தி, ஐயா' என்றுதான் இருக்கிறது.

முப்பதுக்குக் கிட்ட உடம்பில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடும் என்று படித்திருந்தேன். பயிற்சியில் நான் ஓடிய ஆகக்கூடிய தூரமும் முப்பதுதான். பருத்தித்துறையில் இடது கெண்டைக்கால் சுருண்டு பிடித்தது. நடந்தேன். ஆமாம், நடந்தேன், மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீதியோரம் குடையும் சோடாப் போத்தலுமாகச் சித்தப்பா நிற்கிறார். தன் கிலோமீற்றர் எங்கே வரும் என்று இவரிடம் கேட்டு வைத்துப் பஸ் ஏறி வந்திருக்கிறார். "என்ர கிலோமீற்றரிலயோ நடக்கிறாய்?" என்றார். அவர் கண்ணுக்கு மறையும் வளைவு வரை நொண்டி நொண்டி ஓடினேன். பிறகு திரும்பவும் நடந்தேன்.

வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் ஆனந்தனை நினைத்துக்கொண்டேன். 1971ல் பாக்குநீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பி வந்த மனிதர். வள்ளம் இருக்கிறதே என்று அவரிடமும் ஒரு சித்தப்பா கேட்டிருப்பார். சந்நிதிக்குக் கொஞ்சம் முன்னால், போனில் 42.2 காட்டியபோது, மணி பத்தே கால் தாண்டியிருந்தது. ஆறு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம். மிச்சத் தூரத்தை இவருக்குப் பின்னால் இருந்துகொண்டு போய்க் கும்பிட்டேன்.

காசை நான்காகப் பிரித்து, ஆளுக்கு 71,250 அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் போட்டோம். பிள்ளைகளின் கையில் காசா என்று கேட்டவர்கள் உண்டு. பதினெட்டு வயதில் வாக்குப் போடலாம், 71,250 வைத்திருக்கக் கூடாதா? காசு தந்த எல்லோருக்கும் ஒரு பக்கக் கணக்கு வாட்சப்பில் போனது. படம் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர், பிள்ளைகள் தன் பெயர் எழுதிய பதாகையைப் பிடித்தபடி ஒரு படம் கேட்டார். முடியாது, 5,000ஐத் திருப்பி அனுப்பவா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை.

ஆகவே வீட்டில் கேட்டவரோடு வாதாட வேண்டாம், அவருக்கே ஒரு கிலோமீற்றரை விற்றுவிடுங்கள். முப்பதுக்கு மேல் உள்ளதைக் கொடுக்காதீர்கள், வந்து நின்று பார்ப்பார். ஓடும் நாளை முடிவு செய்ததும் இங்கே எழுதுங்கள், எனக்கும் ஒன்று வேண்டும். பற்றுச்சீட்டு அனுப்ப வேண்டும், சொல்லிவிட்டேன்.